காலேஜைத் தவிர எல்லாம்

மார்ச் 7, சனி

வந்து சேர்ந்தேன். செங்டுவில் விமானம் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். ஊர்ப் பெயர் என் வாயில் நுழையவில்லை. எழுதினாலும் தப்பாகத்தான் எழுதுவேன், விடு. "சின்ன ஊருப்பா, நம்ம கோவில்பட்டி மாதிரி" என்று போனில் சொல்லியிருந்தாள் சம்மு. சின்ன ஊராம்! ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் முப்பது மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன, நடுவில் ஆறு, ஆற்றின் மேல் ஏழெட்டுப் பாலங்கள்.

பிள்ளை இளைத்துவிட்டாள். மூன்றரை வருஷத்துக்கு முன்னால் நான் அனுப்பி வைத்த சண்முகப்பிரியாவுக்குக் கன்னம் இரண்டும் பொம்மென்று இருக்கும். ஓடி வந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "ஏம்ப்பா இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்றாள். ஊரே குளிரில் நடுங்குகிறது, எனக்கு மட்டும் வேர்க்கிறது. எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

இங்கே வாட்ஸாப் ஓடாதாம். என் போன் வெறும் டார்ச் லைட்டாகிவிட்டது. வீட்டுக்காரி கோமதியோடு பேச வேண்டுமென்றால் சம்முவின் போனில் ஏதோ தில்லுமுல்லு பண்ணித்தான் பேச வேண்டும். பிள்ளை பக்கத்திலேயே நிற்பாள். மனசு விட்டுப் புலம்ப வழியில்லை. அதனால்தான் இந்த டைரி.

வந்த காரியம் ஒன்றே ஒன்று. காலேஜைப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கோட்டில் என் மகள், பக்கத்தில் நான், ஒரு போட்டோ. இருபத்தெட்டு வருஷமாக மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் "என் பிள்ளை டாக்டருக்குப் படிக்கா" என்று சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்துவிட்டது. இன்னும் ஒன்றரை வருஷம்தான். கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதி.

மார்ச் 8, ஞாயிறு

காலேஜ் லீவு. சரி, ஞாயிற்றுக்கிழமைதானே.

பார்க்குக்குள் இருக்கிற ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போனாள். டீக்கடை என்றால் நம் ஊர் மாதிரி நின்றுகொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போகிற இடமில்லை. மூங்கில் நாற்காலிகள், மரத்தடி, நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மூடி போட்ட கிண்ணத்தில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றுகிறார்கள். அந்த ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்காருவார்களாம். ஒருவன் ஆள் உயரத்துக்கு மூக்கு நீண்ட கெண்டியைத் தோளுக்குப் பின்னாலிருந்து சாய்த்து என் கிண்ணத்தில் ஊற்றினான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நான்தான் பயந்து எழுந்துவிட்டேன்.

"உக்காருங்கப்பா. இங்க வந்தா சும்மா உக்காரணும். அதுதான் இந்த ஊரோட விசேஷமே."

"சும்மா உக்கார எதுக்கு ட்டி சீனாவுக்கு வரணும்? நம்ம பஸ் ஸ்டாண்டுல ஆயிரம் பேரு உக்காந்திருக்கான்."

சிரித்தாள். பக்கத்து மேசைகளில் மாஜோங் ஆடுகிறார்கள், கட்டைகளை உருட்டுகிற சத்தம் ஓயவேயில்லை. தலையில் விளக்கு மாட்டிய ஒருவன் வந்து என் காதைக் குடையட்டுமா என்று சைகை காட்டினான். வேண்டாம் வேண்டாமென்று கத்தினேன். சம்மு அவனிடம் ஏதோ சொல்ல, அவனும் சிரித்துக்கொண்டே என் தலையைப் பிடித்துச் சாய்த்துவிட்டான். மெல்லிசுக் கம்பி, இறகு, கடைசியில் ட்ரிங் என்று அதிர்கிற ஓர் இடுக்கி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, தூங்கிப் போனேன்.

கடைக்கார அம்மாள் சம்முவை "ஷான்ஷான், ஷான்ஷான்" என்று கூப்பிட்டுக் கன்னத்தைத் தட்டுகிறாள். பிள்ளைக்கு ஊரில் நல்ல பழக்கம்.

மார்ச் 9, திங்கள்

காலேஜில் இன்ஸ்பெக்‌ஷனாம். வெளியாள் யாரையும் விட மாட்டார்களாம். "நாளைக்குப் போகலாம்ப்பா."

படகில் போனோம். கரை முழுக்கச் சிவப்பு விளக்குகள். படகுக்காரனும் ஷான்ஷான் என்கிறான். எங்களிடம் டிக்கெட் கேட்கவில்லை. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை என்றால் எந்த ஊரிலும் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

மழை. காலேஜ் நாளைக்கு. கால் கழுவி அமுக்கிவிடுகிற கடைக்குப் போனோம். கூசுகிறது, சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளுக்குள் மட்டும் ஏதோ கடுப்பு.

மார்ச் 11, புதன்

மலை மேலே ஒரு புத்தர் கோயில். அங்கே சைவச் சாப்பாடு போடுகிறார்கள். சோயாவில் மீன் மாதிரியே செய்து, செதிள் வரைக்கும் கீறி வைத்திருக்கிறார்கள். மீன் வேண்டாமென்றால் மீனை விட்டுவிட வேண்டியதுதானே, அதை இத்தனை பாடுபட்டுச் செய்வானேன்? கேட்டதற்கு, "எல்லாரும் இதைத்தாம்ப்பா கேப்பாங்க" என்றாள் சம்மு.

எந்த எல்லாரும்? கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் கையை நீட்டி, "வலது பக்கம் பாருங்க, இந்தப் படி வெட்டி முந்நூறு வருஷம் ஆச்சு, இடது பக்கம் கொஞ்சம் வழுக்கும், பாத்து வாங்க" என்றாள். அப்பாவிடம் பேசுகிற மாதிரியே இல்லை. ஏதோ கூட்டத்துக்குச் சொல்கிற தோரணை. பின்னால் யாராவது வருகிறார்களா என்று நானே திரும்பிப் பார்த்துவிட்டேன்.

கீழே தேயிலைக் கடைக்காரி எங்களுக்கு ஒரு பொட்டலம் சும்மா கொடுத்தாள். வாங்கவே மாட்டேனென்றேன். "வாங்கிக்கோங்கப்பா, பழக்கம்தான்."

நாளைக்கு அவளுக்குக் காலையில் லேப் இருக்கிறதாம். "நான் மத்தியானம் வந்துருவேன், நீங்க ரூம்லயே இருங்க, வெளிய போயிராதீங்க." சரி என்றேன்.

மார்ச் 12, வியாழன்

டீக்கடை. தலைவலி. சாப்பாடு வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

ரூமிலேயே இரு என்றால் நான் இருக்கிற ஆளா? பத்து மணிக்குக் கிளம்பி வழி விசாரித்து அந்தப் பார்க் டீக்கடைக்குப் போனேன். வழி விசாரித்தேன் என்றால் என்ன, "சா, சா" என்று கையைக் காட்டினேன், அனுப்பி வைத்தார்கள். மரத்தடியில் நல்ல இடம் கிடைத்தது. கொஞ்சம் குடித்தேன். ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்து குடிக்கலாமென்று, மூடியை மல்லாத்திக் கிண்ணத்தின் மேலேயே வைத்துவிட்டுப் போனேன். கடையில் பாதி டம்ளரோடு எழுந்தால் அப்படித்தான் மேலே எதையாவது வைத்துவிட்டுப் போவேன், பையன்கள் யாரும் தொட மாட்டார்கள்.

திரும்பி வந்தால் கிண்ணத்தைக் காணோம். என் நாற்காலியில் ஒரு கிழவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "இது என் இடம்வே!" என்று தமிழில் ஒரு சத்தம் போட்டேன். கடைக்கார அம்மாள் ஓடி வந்தாள். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. மூடியை எடுத்து மல்லாத்திக் காட்டி, கும்பிடு போட்டு, போய்விட்டேன் என்று நினைத்தார்களென்று சைகையில் சொன்னாள். மூடியை மல்லாத்தினால் முடிந்தது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தமாம். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், நீளமான ஒரு மேசைக்குப் பக்கத்தில் தூணோரமாக உட்கார வைத்தாள். போனில் ஏதோ பேசி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். போன் ஒரு பெண் குரலில் தமிழில் சொன்னது: "உங்கள் மகளின் சுற்றுலா விருந்தினர்கள் பதினொரு மணிக்கு வருவார்கள். நீங்கள் அவர்களோடு அமரலாம்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இல்லை, பொய் சொல்வானேன், ஓடியது. எல்லாம் ஓடியது.

பதினொரு மணிக்கு வந்தார்கள். பதினைந்து பேர் இருக்கும், நம் ஆட்கள், தமிழ்தான் பேசுகிறார்கள், மலேசியாக்காரர்கள். முன்னால் என் மகள். கையில் குச்சி, குச்சியில் மஞ்சள் துணி. வெள்ளைக் கோட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் எழுந்து போய் இழுத்து ஓர் அறை விட்டிருக்க வேண்டும். எழவே முடியவில்லை. தூணுக்குப் பின்னால் திருடன் மாதிரி ஒண்டிக்கொண்டேன்.

நன்றாகப் பேசுகிறாள். அதை என்ன சொல்ல. முழங்கால் வலிக்கிற ஓர் அம்மாளை முதலில் பார்த்து உயரமான நாற்காலியில் உட்கார வைத்தாள். கெண்டிக்காரன் வந்ததும், "யாரும் அசையாதீங்க, அசைஞ்சா ஞானஸ்நானம்தான்" என்றாள், பதினைந்து பேரும் சிரிக்கிறார்கள். மூடியை எப்படி வைத்தால் என்ன அர்த்தமென்று சொல்லிக் கொடுத்தாள். எனக்கு அதை ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்கலாம். தூங்கிப்போனது நான்தான்.

அந்த முழங்கால் அம்மாள் கேட்டாள்: "ஊர்ல அப்பாவுக்கு ரொம்பப் பெருமையா இருக்கும்லா, பொண்ணு சைனாவுல வந்து இப்படிக் கலக்குது?"

"அப்பாவுக்கு நான் டாக்டர், ஆன்ட்டி" என்றாள் சம்மு.

எல்லாரும் சிரித்தார்கள். வேடிக்கைக்குச் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் பின்பக்க வழியாக வெளியே வந்துவிட்டேன். மத்தியானம் அவள் ரூமுக்கு வந்து, "லேப் இழுத்துருச்சுப்பா" என்றாள். சரி என்றேன்.

மார்ச் 14, சனி

இன்றும் நான் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று இருக்கிறேன். இருக்க முடியவில்லை. அந்தச் சின்ன ரூமுக்குள் மேலும் கீழும் நடந்ததில் கீழ் வீட்டுக்காரர் கம்பால் மேலே தட்டினார்.

சாப்பிடும்போது, "எனக்கு முழங்கால்ல ஒரு பிடிப்பு, எந்த நரம்பு ட்டி அது?" என்று கேட்டேன். சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள். "இன்னும் அந்தப் பாடம் வரலப்பா" என்றாள். நாலாவது வருஷத்தில் முழங்கால் வரவில்லையாம்! இன்னும் இரண்டு கேட்டுக் குடைந்தேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கே சீ என்றாகிவிட்டது. நூடுல்ஸ் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். நன்றாக இல்லை, நாக்கு மரத்துப்போகிற மிளகு ஒன்றைப் போட்டிருந்தார்கள்.

மார்ச் 15, ஞாயிறு

சாயங்காலம் ஆற்றங்கரை மைதானத்துக்குப் போனோம். இந்த ஊரில் இருட்டத் தொடங்கினால் பெண்கள் வந்துவிடுகிறார்கள். ஐம்பது, அறுபது வயசுக்காரிகள். பெரிய ஸ்பீக்கரை வைத்துப் பாட்டைப் போட்டு, வரிசை வரிசையாக நின்று ஆடுகிறார்கள். காசு கிடையாது, மேடை கிடையாது, யார் வேண்டுமானாலும் வரிசையில் சேர்ந்துகொள்ளலாம். கோமதி மட்டும் இங்கே இருந்தால் முதல் வரிசையில் நிற்பாள்.

பார்த்துக்கொண்டு நிற்கும்போது, "ஏ சம்மு!" என்று ஒரு குரல். அந்த மலேசியாக் கூட்டத்தில் இருந்தவர், ஈப்போக்காரர், பெஞ்சாதியோடு வந்தார். சம்முவின் கை என் சட்டையைப் பிடித்தது. பிடித்தவளுக்கே தெரியாது.

"இது யாரு, அப்பாவா? பாஸ், உங்க பொண்ணு ரொம்ப கெட்டிக்காரிலா! இவ மட்டும் இல்லன்னா இந்த ஊர்ல எங்களுக்குச் சைவச் சாப்பாடே கிடைச்சிருக்காது. நாளைக்கு உப்புக் கிணறு பாக்கக் கூட்டிட்டுப் போறா, நீங்களும் வாங்க."

சம்மு என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"ஆமா, என் பொண்ணுதான்" என்றேன். "நல்லாத்தான் வேலை பாக்கா. அன்னைக்கு டீக்கடையில பாத்தேன்."

அவர்கள் போனதும் பிடித்துக்கொண்டது எனக்கு. எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அத்தனை நாள் அடக்கியது எல்லாம் சேர்ந்து வந்தது. "யார ஏமாத்துத? பெத்தவன ஊர் சுத்திக் காட்டி ஏமாத்துதியோ? கடையில வாரவன்ட்ட எல்லாம் நான் என்னன்னு சொல்ல? எந்த மூஞ்சிய வச்சிட்டுச் சொல்ல?" ஸ்பீக்கர் சத்தத்துக்கும் மேலே கத்தினேன். அவள் தலையைக் குனிந்து நின்றாள்.

அப்போதுதான் ஆடிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் வரிசையை விட்டு வந்து எங்கள் நடுவில் நின்றுகொண்டாள். என் மூக்குக்கு நேரே விரலை ஆட்டி ஏதோ வைதாள். அவள் பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர். எல்லாருக்கும் கழுத்தில் ஒரே மாதிரிச் சிவப்புத் துணி. என்னைச் சுற்றி நின்றுகொண்டு ஆளாளுக்குத் திட்டுகிறார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் நன்றாக உறைத்தது. சம்மு சீனத்தில் ஏதோ சொன்னாள், அப்பா என்றுதான் சொல்லியிருப்பாள். அவர்கள் அசையவில்லை. அப்பா என்றால் மட்டும் கத்தலாமா என்கிற மாதிரி முதல் அம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் நிறுத்திவிட்டாள். சம்முவைப் பக்கத்தில் நிறுத்தினாள். ஆடு என்று கையைத் தூக்கிக் காட்டினாள்.

ஓடி எங்கே போக? நின்றேன். முன்னால் நூறு முதுகுகள். எல்லாரும் முன்னால் பார்க்க வேண்டும், யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. சம்மு கையைத் தூக்கி ஆட ஆரம்பித்தாள். ஆடிக்கொண்டே, முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டாவது வருஷம் பாதியில நின்னுட்டேன்ப்பா. பொணத்த அறுக்கணும். ஒவ்வொரு தடவையும் மயங்கி விழுந்தேன். மூணு பாடம் போச்சு. ஒரு டிராவல்ஸ்ல தமிழ் தெரிஞ்ச ஆள் கேட்டாங்க, சேந்துட்டேன். விசாவெல்லாம் அவங்களே மாத்திக் குடுத்துட்டாங்க. நீங்க அனுப்புன ஃபீஸு அப்படியே பேங்க்ல கெடக்கு, நான் தொடல."

"என்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"முதல் வருஷம் ஒரே ஒரு பாடம் போச்சுன்னு போன் பண்ணேன். என்ன சொன்னீங்க? டாக்டராகாம என் வாசல மிதிக்காதன்னு சொன்னீங்க."

"கோவத்துல ஆயிரம் சொல்லுவேன் ட்டி."

"எனக்கு அது ஆயிரத்துல ஒண்ணாத் தெரியலப்பா."

எல்லாரும் இடது பக்கம் திரும்பினார்கள். அவளும் திரும்பினாள். நான் எப்படித் திரும்புவதென்று தெரியாமல் வலது பக்கம் திரும்பி அவள் முகத்துக்கு நேரே நின்றுவிட்டேன். கண்ணீரைத் துடைக்காமல் கையை மட்டும் சரியாக ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்குக் கத்துவதற்கு ஒன்றுமில்லை. நானும் கையைத் தூக்கினேன். கண்றாவியாகத்தான் இருந்திருக்கும்.

மார்ச் 16, திங்கள்

காலையில் சம்முவின் போனை வாங்கிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். கோமதி இதை எப்படித் தாங்குவாள் என்றுதான் பயம். சர்க்கரை வேறு இருக்கிறது அவளுக்கு.

"கோமதி, ஒண்ணு சொல்லுதேன், பதறாத. சம்மு காலேஜுக்குப் போகல. ஊர் சுத்திக் காட்டுற வேலை பாக்கா."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுகிற சத்தம் நின்றது.

"சொல்லிட்டாளா?" என்றாள்.

"சொல்லிட்டாளாவா? உனக்குத் தெரியுமா?"

"ஒரு வருஷமாத் தெரியும்."

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "என்ட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். கேட்ட குரல் என் குரல் மாதிரியே இல்லை.

"எப்படிச் சொல்ல? நீங்க கத்துவீங்க. அவ போன வச்சிருவா. அப்புறம் வாரத்துக்கு ஒருக்கா கேக்குற அந்தக் குரலும் எனக்கு இல்லாமப் போயிரும். அதான் போய்ப் பாத்துட்டு வாங்கன்னு உங்களையே அனுப்பி வச்சேன். நேர்ல பாத்தாக் கத்த மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"கத்தினேன்."

"அது தெரியாதா எனக்கு. அப்புறம்?"

"அப்புறம் ஆடுனேன்."

"என்னது?"

சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. கடைசியில் அது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. என் வீட்டில் இரண்டு பெண்கள் ஒரு வருஷமாக என் குரலுக்குப் பயந்து, என் முதுகுக்குப் பின்னால் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் கடையில் உட்கார்ந்து டாக்டர் டாக்டர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது கண் எரிகிறது.

மத்தியானம் உப்புக் கிணற்றுக்கு அந்த மலேசியாக்காரர்கள் வேனில் நானும் போனேன். பின் சீட்டில் உட்கார்ந்து, என் மகள் சொன்ன இடத்திலெல்லாம் வலது பக்கமும் இடது பக்கமும் பார்த்தேன். ஆயிரம் அடி ஆழத்துக்கு மூங்கில் குழாயை இறக்கி உப்புத் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள். நான் ஒரு சந்தேகம் கேட்டேன். "நல்ல கேள்வி சார்" என்றாள். வேனே சிரித்தது.

மார்ச் 17, செவ்வாய்

செங்டு ஏர்போர்ட் வரை வந்தாள். ரயிலில் அதிகம் பேசவில்லை. கடையில் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்டாள். "உள்ளதச் சொல்லுவேன். சைனாவுல கைடா இருக்கா, ஊரே அவளக் கும்பிடுதுன்னு சொல்லுவேன்" என்றேன். கும்பிடவெல்லாம் இல்லை, ஆனால் சொல்வேன்.

உள்ளே போகிற வாசலில் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்தபோது கேட்டாள்:

"அப்பா, நான் ஊருக்கு வந்தா, எத்தன நாள் இருக்கலாம்?"

விருந்தாளி கேட்கிற மாதிரி கேட்டாள். வேடிக்கையில்லை, நிஜமாகத்தான் கேட்டாள். அவள் தலையில் கையை வைத்துவிட்டு வரிசைக்குள் போய்விட்டேன். பெட்டியைத் தட்டில் வைத்தேன், பெல்ட்டைக் கழற்றினேன். திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதே இடத்தில் நிற்கிறாள், பதிலுக்கு.

"ஏட்டி சம்மு!" என்றேன். மொத்த ஏர்போர்ட்டும் திரும்பியது. "அது உன் வீடு ட்டி! எத்தன நாளுன்னு எவன்ட்ட கேக்க? வா ட்டி, எப்ப வேணா வா!"

இரண்டு போலீஸ்காரர்கள் என் பக்கம் வந்தார்கள். சம்மு வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் போடாதீங்கப்பா என்று கையைக் காட்டினாள். ஒரு கையில் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, நான் இன்னொரு தடவை சொன்னேன், இன்னும் சத்தமாக.